தரை டிக்கெட்கூட வேண்டாம்: சிகாகோ நாட்குறிப்பு

செவ்வாய்

தங்கை வீடு நேப்பர்வில்லில். அங்கிருந்து மெட்ரா ரயில் ஏறினால் சிகாகோ யூனியன் ஸ்டேஷனில் இறக்கிவிடுகிறது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கிழக்கே இருபது நிமிடம் நடந்தால் மில்லெனியம் பார்க். வழியெல்லாம் நிழல்தான். இரண்டு பக்கமும் நிற்கிற கட்டடங்கள் வெயிலைத் தெருவில் இறங்க விடுவதில்லை. மிச்சிகன் அவென்யூவுக்கு வந்ததும் கட்டடங்கள் சட்டென்று நின்றுபோய் வானம் தெரிகிறது. இந்தப் பக்கம் வரிசையாக மாடிகள், அந்தப் பக்கம் மரங்கள், மரங்களுக்குப் பின்னால் கரை தெரியாத ஏரி.

"அண்ணே, கச்சேரி நாளைக்குச் சாயங்காலம். ஆனா நீங்க இன்னிக்கே போயிட்டு வாங்க, ஒத்திகையை யார் வேணா உக்காந்து பார்க்கலாம்" என்று தங்கைதான் விரட்டி அனுப்பினாள். கிரான்ட் பார்க் இசைவிழா என்று பெயர். ஜூன் நடுவில் ஆரம்பித்து ஆகஸ்ட் நடு வரை ஏறக்குறைய பத்து வாரம். புதனும் வெள்ளியும் மாலை 6.30, சனிக்கிழமை 7.30. முழு சிம்பொனி இசைக்குழு வாசிக்கும். காசு கிடையாது.

போகிற வழியில் 'பீன்' இருந்தது. அனிஷ் கபூர் செய்த அந்தக் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் எஃகுச் சிற்பம். 168 தகடுகளை ஒட்டி, ஒட்டிய இடம் தெரியாமல் இழைத்திருக்கிறார்கள். எல்லோரும் எடுக்கிற படத்தை நானும் எடுத்தேன். அவ்வளவுதான், மேலே நடந்தேன்.

மேடையின் பெயர் ஜே ப்ரிட்ஸ்கர் பெவிலியன். ஃபிராங்க் கெரி வடிவமைத்தது, 2004இல் பூங்காவோடு சேர்ந்து திறந்தது. மேடையைச் சுற்றி எஃகுத் தகடுகள் நெளிந்து வளைந்து 120 அடி உயரத்துக்கு எழும்புகின்றன. எனக்கு அதைவிடப் பிடித்தது புல்வெளிக்கு மேலே இருக்கிற குழாய்ப் பந்தல். மேடையிலிருந்து கடைசிப் புல் வரை, 600 அடி நீளம், 300 அடி அகலத்துக்கு வளைந்த எஃகுக் குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. நிழலுக்கு ஆகாது, மழைக்கும் ஆகாது. எதற்கு என்று நாளை எழுதுகிறேன்.

ஒத்திகைக்கு ஒரு நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் ஆபீஸிலிருந்து சாப்பாட்டு டப்பாவோடு வந்தவர்கள். மேடையில் வாசிப்பவர்கள் ஜீன்ஸ், அரைக்கை சட்டை, தொப்பி. ஒரு டிரம்பெட்காரர் தன் முறை வரும்வரை பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். இசை நடத்துநர் ஒரே எட்டு தாளச் சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார். முதலில் வயலின்கள் மட்டும், அப்புறம் வயலினும் அதைவிடக் கொஞ்சம் பெரிய வயோலாவும், அப்புறம் எல்லோரும். நிறுத்துவார், ஏதோ சொல்வார், முன்வரிசையில் பென்சிலால் நோட்டில் குறித்துக்கொள்வார்கள், மறுபடி ஆரம்பம். நாலாவது தடவை என் காதுக்கே வித்தியாசம் தெரிந்தது. முன்னே இரைச்சலாக இருந்த இடத்தில் ஓபோ என்கிற ஊதுகுழல் ஒன்று தனியாகக் கேட்டது. அது முதலிலிருந்தே அங்கேதான் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது.

வாசித்தது செக் இசையமைப்பாளர் த்வொர்ஷாக்கின் எட்டாவது சிம்பொனி. இந்த ஊருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1893இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது த்வொர்ஷாக் அமெரிக்காவில்தான் இருந்தார். அந்த ஆகஸ்டில் கண்காட்சியில் அவருடைய சொந்த நாடான பொஹீமியாவின் பெயரில் பொஹீமிய நாள் என்று கொண்டாடியபோது அவரே வந்து இந்த சிம்பொனியை நடத்தினார். கண்காட்சித் திடல் இங்கிருந்து தெற்கே, ஜாக்சன் பார்க்கில்.

1893 என்றதும் நமக்கு வேறொருவர் நினைவுக்கு வருவார். ஒத்திகை முடிந்து தெருவோரமாகத் தெற்கே நடந்தால் பூங்காவை ஒட்டியே ஆர்ட் இன்ஸ்டிடியூட் என்ற கலை அருங்காட்சியகம். அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசிய சர்வமத மாநாடு இந்தக் கட்டடத்தில்தான் நடந்தது. அவர் பேசிய கூடம் இப்போது இல்லை. வாசலில் சிங்கங்கள் இருக்கின்றன, தெருவில் அவர் பெயர் போட்ட பலகை ஒன்று இருக்கிறது. அவரை அனுப்பி வைக்கத் திருவல்லிக்கேணியில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டிய கதை தெரிந்தவர்கள், பலகைக்குக் கீழே ஒரு நிமிடம் நிற்கலாம். நான் நின்றேன். சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்து விலகச் சொன்னார்.

புதன்

நாலு மணிக்கே கிளம்பிவிட்டோம். தங்கை, மாப்பிள்ளை, அவர்கள் மகள், நான். மகளுக்குப் பன்னிரண்டு வயது, பள்ளி இசைக்குழுவில் செல்லோ, அதாவது தரையில் ஊன்றி வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி வாத்தியம், வாசிக்கிறாள். அதனால் இன்றைக்கு அவள்தான் எங்களுக்கு வாத்தியார். தங்கை ஒரு தூக்கு நிறையப் புளியோதரையும், டப்பாவில் தயிர்சாதமும், வறுத்த அப்பளமும் எடுத்துக்கொண்டாள். நான் போன தடவை ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பவானி ஜமக்காளத்தை மாப்பிள்ளை சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

பூங்கா வாசலில் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். காவலாளி தூக்கு மூடியைத் திறந்தார், குனிந்து மோந்தார், "இதை எங்கே விற்கிறார்கள்?" என்று கேட்டார். தங்கைக்கு அன்று முழுக்க அதிலேயே சந்தோஷம்.

மேடைக்கு முன்னால் நாலாயிரம் நாற்காலிகள். முன்வரிசைகள் சந்தா கட்டியவர்களுக்கு, மற்றதெல்லாம் முதலில் வருபவருக்கு. நாற்காலிகளுக்குப் பின்னால் ஏழாயிரம் பேர் உட்காரக்கூடிய புல்வெளி. நாங்கள் போன நேரத்திலேயே முன்பாதிப் புல்லில் விரிப்புகள் விழுந்துவிட்டன. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து இடம் பிடிக்கிற அதே அவசரம்தான். ஓர் ஆளை முன்னே ஓடவிட்டு, அவர் நாலு மூலையிலும் நாலு செருப்பை வைத்துவிட்டு மற்றவர்களைக் கையசைத்துக் கூப்பிடுகிறார்.

எங்களுக்கு இடம் காட்டியது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு முதிய தம்பதி. குட்டைக்கால் நாற்காலி இரண்டு, நடுவில் மடக்கு மேசை, அதில் சீஸ், திராட்சை, பிளாஸ்டிக் கோப்பையில் ஒயின். இங்கே கச்சேரிக்கு ஒயின் கொண்டுவரலாம், யாரும் தடுப்பதில்லை. பூங்கா திறந்ததிலிருந்து கோடைக்குக் கோடை இதே இடத்தில்தான் உட்காருகிறார்களாம். எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மாள் விரலை மேலே காட்டினார். குழாய்ப் பந்தலில் இரண்டு குழாய்கள் வெட்டிக்கொள்கிற ஓர் இடம். "ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்காராதீர்கள், இரண்டுக்கும் நடுவில் உட்காருங்கள்" என்றார். ஜமக்காளத்தை நாலடி நகர்த்தினோம்.

பந்தல் எதற்கு என்று இப்போது சொல்லிவிடுகிறேன். புல்வெளியில் கம்பம் நட்டு ஸ்பீக்கர் வைத்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மேடை தெரியாது. அதனால் ஸ்பீக்கர்களையெல்லாம் தலைக்கு மேலே குழாயில் கட்டிவிட்டார்கள். அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு நேரடிச் சத்தம் வந்துசேர நொடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆகும். மின்கம்பி வழியாகப் போவதோ உடனே போய்விடும். அப்படியே விட்டால் ஸ்பீக்கர் முதலில் பேசும், மேடை பிறகு பேசும், ஒவ்வொரு தட்டும் இரண்டு தடவை காதில் விழும். அதற்காக ஒவ்வொரு வரிசை ஸ்பீக்கரையும் அந்தந்தத் தூரத்துக்கு ஏற்பக் கொஞ்சம் தாமதப்படுத்தி ஒலிக்க விடுகிறார்கள். சத்தம் மேடையிலிருந்தே வருகிற மாதிரி இருக்கிறது. இது போதாதென்று, அரங்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியை உண்டாக்கவும் தனி ஏற்பாடு. கண்ணை மூடிப் பார்த்தேன், நாலு சுவருக்குள் இருக்கிற மாதிரித்தான் இருந்தது. நம்மூர்த் திருவிழாக் கச்சேரியில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற அண்ணன்களை ஒரு நாள் இங்கே அழைத்துவர வேண்டும்.

6.30க்கு முதலில் ஒரு சின்ன உருப்படி. அது முடியும்வரை யாரும் சரியாகக் கேட்கவில்லை, நாங்களும் புளியோதரை பரிமாறிக்கொண்டிருந்தோம். அப்புறம் சிம்பொனி. "மாமா, ஆரம்பமே நாங்கதான்" என்றாள் சிறுமி. செல்லோக்களைத்தான் சொல்கிறாள். நிஜமாகவே செல்லோக்கள்தான் தொடங்கின, கூடவே கிளாரினெட்டும் கொம்பும். மெதுவாக, கொஞ்சம் சோகமாக ஒரு ராகம். அது முடிகிற இடத்தில் புல்லாங்குழல் தனியாக, ஒரு குருவி கூப்பிடுவதுபோல் நாலைந்து சுரங்களைப் போட்டது. சரியாக அந்த நேரத்தில் ஏரிப் பக்கமிருந்து ஒரு கடற்காக்கை கத்திக்கொண்டே பந்தலுக்கு மேலே பறந்துபோனது. சுற்றிலும் சிரிப்பு. புல்லாங்குழல்காரருக்குக் கேட்டதோ என்னவோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முதல் பகுதி முடிந்ததும் புல்வெளி கைதட்டியது. முன்வரிசை தட்டவில்லை. நாலு பகுதியும் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டும் என்பது அவர்கள் சம்பிரதாயம். சுரம் பாடி முடித்த கையோடு தட்டிப் பழகிய எங்களுக்குப் புல்வெளிதான் சரி. யாரும் திரும்பி முறைக்கவும் இல்லை.

இரண்டாம் பகுதி மெல்லிசாக இறங்கியபோது மிச்சிகன் அவென்யூவில் தீயணைப்பு வண்டி ஒன்று ஊளையிட்டுக்கொண்டு போனது. நல்ல நீளமான ஊளை. வாசிப்பு நிற்கவில்லை, ஒரு வில்கூடத் தடுமாறவில்லை. வண்டி கடந்துபோனதும் வயலின்கள் எங்கே இருந்தனவோ அங்கேயே இருந்தன. ஏசி அரங்கத்தில் ஓர் இருமல் வந்தாலே எரிச்சலாகும் எனக்கு இங்கே ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு முன்னால் ஒரு பெண் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார், அவருக்குப் பக்கத்தில் ஒரு பையன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான், இன்னொருவர் மல்லாந்து படுத்துத் தொப்பியால் முகத்தை மூடியிருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் வயிற்றின் மேலிருந்த விரல்கள் தாளத்தோடு அசைந்துகொண்டே இருந்தன. பாதி கவனத்தோடு கேட்பதும் கேட்பதுதான் என்று விட்டுவிடுகிற கச்சேரி இது. அரங்கத்தில் டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று வலிந்து கவனித்ததைவிட எனக்கு இதில் அதிகம் காதில் தங்கியது.

மூன்றாம் பகுதி வால்ட்ஸ் நடை. பின்னால் நடைபாதையில் இரண்டு பேர் ஆட ஆரம்பித்தார்கள். அவர்களைப் பார்த்து ஒரு சின்னக் குழந்தை தன்னைத்தானே சுற்றிச் சுற்றிப் புல்லில் விழுந்தது, எழுந்தது, மறுபடி சுற்றியது. கடைசிப் பகுதியை டிரம்பெட்டுகள் முழக்கத்தோடு தொடங்கின. நேற்று பத்திரிகை படித்தவர் இன்று கோட்டு போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முழக்கம் அடங்கி, பெரிய முரசு இரண்டு மூன்று தடவை மெதுவாகத் தட்டிவிட்டு ஓய்ந்தது. "இப்ப மறுபடி நாங்க" என்று சிறுமி என் முழங்கையை இடித்தாள். எட்டுப் பத்து செல்லோ வில்கள் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வந்தன. அந்தத் தூரத்திலிருந்து வாசிப்பவர்கள் முகம் தெரியவில்லை, வில்கள் மட்டும் தெரிந்தன. இவளும் வலது கையை மடியில் வைத்து அதே பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள்.

முடியும்போது எட்டு மணிக்கு மேல். ஜூலையில் இங்கே எட்டரை வரை வெளிச்சம் இருக்கிறது. எல்லோரும் எழுந்து நின்று தட்டிவிட்டு, அடுத்த நிமிடமே விரிப்பை உதறத் தொடங்கினார்கள். குப்பையைத் தேடித் தேடிப் பொறுக்கித் தொட்டியில் போட்டார்கள். புதன்கிழமைகளில் ஒன்பது மணிக்கு ஏரிக்கரையில் நேவி பியர் என்ற துறையில் வாணவேடிக்கை உண்டு, ஆனால் அதற்கு நின்றால் ரயில் போய்விடும் என்றார் மாப்பிள்ளை. ஓட்டமும் நடையுமாக ஸ்டேஷன்.

வியாழன்

காலையிலிருந்து மழை. வெளியே போகவில்லை.

இவ்வளவு பெரிய கச்சேரிக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று நேற்றிரவு ரயிலிலேயே மாப்பிள்ளையைக் கேட்டேன். "நான்தான், வேற யாரு, வரி" என்றார். அவர் இருப்பது வேறு ஊர் என்பதால் அது முழு உண்மையில்லை. சிகாகோ பூங்கா நிர்வாகம், நகரத்தின் கலாசாரத் துறை, நன்கொடையாளர்கள், முன்வரிசைச் சந்தாக்காரர்கள், இவ்வளவு பேரும் சேர்ந்து நடத்துகிறார்கள்.

ஆரம்பித்தது 1935இல், வேலையும் காசும் இல்லாத பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பேசும்படம் வந்திருந்தது. ஊமைப்படத்துக்குத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் ஒரே அடியாக வேலை போயிற்று. மந்தம் மிச்சத்தையும் பிடுங்கிக்கொண்டது. சிகாகோ இசைக்கலைஞர் சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ, பூங்காவில் ஊருக்கு இலவசமாக வாசிக்கட்டும், வாசிப்பவருக்குக் கூலி கிடைக்கட்டும் என்று இதைக் கிளப்பினார். ஆளைப்பற்றி நல்லதும் சொல்வார்கள், முரட்டுத்தனமும் சொல்வார்கள். பின்னால் அமெரிக்கா முழுவதற்குமான சங்கத் தலைவராகி, 1942இல் இசைத்தட்டுக்கு யாரும் வாசிக்கக் கூடாது என்று தடையே போட்டவர். இசை கேட்பவருக்கு மட்டும்தான் இலவசம் என்பதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை. 1958இல் மாஸ்கோவில் பியானோ போட்டி வென்று திரும்பிய வான் கிளைபர்ன் அந்தக் கோடையிலேயே கிரான்ட் பார்க்கில் வாசித்தார், அதுவும் இலவசம்தான்.

அந்தப் புல்வெளி இருப்பதற்கு இன்னொருவரும் காரணம். 1836இல் இந்த ஏரிக்கரை நிலத்தின் வரைபடத்தில், இது என்றென்றும் திறந்தவெளியாக, கட்டடம் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். எழுதியதோடு சரி. பிறகு குப்பை, கொட்டகை, ரயில் பாதை என்று ஆளாளுக்குப் புகுந்தார்கள். தபாலில் சாமான் விற்றுப் பணக்காரரான மான்ட்கோமரி வார்டுக்கு மிச்சிகன் அவென்யூவில் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் இந்த அலங்கோலம்தான். 1890இல் வழக்குப் போட்டவர் 1911 வரை விடவில்லை. அருங்காட்சியகம் கட்டுகிறோம் என்று வந்த பெரிய மனிதர்களையும் தடுத்துவிட்டார். ஊரில் அவருக்கு அப்போது நல்ல பெயர் இல்லை. அவர் வாங்கிய தீர்ப்பு இன்றைக்கும் செல்லும் என்பதால்தான், 120 அடி உயர மேடையைக் கட்டடம் என்று சொல்லாமல் கலைப்படைப்பு என்று கணக்கெழுதி அனுமதி வாங்கினார்கள். அதற்குப் பின்னாலிருக்கும் ஹாரிஸ் நாடக அரங்கை ஏறக்குறைய முழுக்கத் தரைக்கடியில் இறக்கினார்கள். வார்டு இருந்திருந்தால் இதற்கும் வழக்குப் போட்டிருப்பார் என்பது என் ஊகம்.

பூங்காவே தரையில் இல்லை. அடியில் கார் நிறுத்தம், அதற்கடியில் ரயில். 2000இல் திறக்க வேண்டியது நாலு வருடம் இழுத்து, 15 கோடி டாலர் என்று போட்ட கணக்கு 47.5 கோடிக்குப் போய் நின்றது. அந்தக் காலத்தில் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. நம்மூர் மேம்பாலக் கதைகள் நினைவுக்கு வந்து ஆறுதலாக இருந்தது.

வெள்ளி

மறுபடி போனோம். இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்போம் என்று சிறுமி பிடிவாதம். சந்தாக்காரர் வரிசைகளுக்குப் பின்னால், நடுவில் நல்ல இடம் கிடைத்தது. இசைக்குழுவோடு சேரிசைக் குழுவும் உண்டு. 1962இலிருந்து இருக்கிறது, நூறு பேர் போலப் பாடுகிறார்கள். நாற்காலியிலிருந்து பார்த்தால் வாசிப்பவரின் புருவம்கூடத் தெரிகிறது. வயலின்காரர்கள் இரண்டிரண்டு பேராக ஒரே நோட்டைப் பார்த்து வாசிக்கிறார்கள், பக்கம் புரட்டும் பொறுப்பு எப்போதும் உள்பக்கம் உட்கார்ந்தவருக்கு என்று சிறுமி சொல்லித்தான் கவனித்தேன். ஏரிக்காற்று தாளைத் தூக்காமலிருக்க ஒவ்வொரு நோட்டிலும் துணிக்குப் போடுகிற கிளிப்புகள். புரட்டுபவர் கிளிப்பை எடுத்து, புரட்டி, மாட்டி, வில்லைத் திரும்ப வைப்பதற்குள் அடுத்த வரி போய்விடக் கூடாது. பாட்டைவிட அந்தக் கிளிப்பையே பாதி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் தூறல் விழுந்தது. மேடைக்குக் கூரை உண்டு, எங்களுக்கு இல்லை. பத்துப் பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் பையிலிருந்து பிளாஸ்டிக் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தங்கை துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, "இதுக்குத்தான் வீட்லயே கேக்கலாம்னு சொல்றது" என்றாள். எழுந்திருக்கவில்லை.

நாற்காலியா புல்லா என்று கேட்டால், வாத்தியம் கற்கிற பிள்ளை கூட இருந்தால் நாற்காலி. இல்லையென்றால் புல். நாற்காலியில் சாப்பிடலாம் என்றாலும் தயிர்சாதத்தைத் திறக்க எங்களுக்கு மனம் வரவில்லை. திரும்பும் ரயிலில்தான் சாப்பிட்டோம்.

ரயிலிலேயே மாப்பிள்ளை போனை எடுத்துவிட்டார். "மச்சான், நாளைக்குச் சனிக்கிழமை, 7.30க்குத்தான். தெருவுல இன்னும் நாலு குடும்பம் வர்றாங்களாம்." வாட்ஸ்அப்பில் யார் என்ன கொண்டுவருவது என்று பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. நேப்பர்வில் வந்து இறங்குவதற்குள் எலுமிச்சை சாதத்துக்கு மூன்று பேர் கைதூக்கியிருந்தார்கள். நாலு மணிக்கே போய் இடம் பிடிப்பது யார் என்ற கேள்விக்கு மட்டும் பதிலே வரவில்லை. கடைசியில் தங்கை என்னைக் கேட்காமலே என் பெயரைப் போட்டுவிட்டாள்.